பைக் வாங்கப் போறீங்களா? முதுகையும் ஒரு வார்த்தை கேளுங்க!

கலரையும் மைலேஜையும் மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். புதுச்சேரி நேரு வீதி நெரிசலில் தினமும் அவஸ்தைப்படப்போவது உங்கள் முதுகும் மணிக்கட்டும்தான்!

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. இரண்டு மூன்று ரக வண்டிகளை, தலா கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்வு. உடம்பு குனியும், பாரம் மணிக்கட்டில் இறங்கும், கழுத்து அண்ணாந்தே இருக்கும். க்ரூஸரில் ஸீட் தாழ்வு. உயரம் குறைந்தவர்களுக்கு வசதி. ஆனால் கால் முன்னால் நீட்டியிருப்பதால், பள்ளம் வந்தால் கால் ஊன்றி எழும்ப முடியாது. அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்கு! புல்லட் 350-ல் நிமிர்ந்து உட்காரலாம். எடைதான் சுமார் 195 கிலோ. ஸ்ப்ளெண்டரோ சுமார் 112 கிலோ. எஞ்சினை அணைத்துப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா? வீட்டு வாசலிலும் தினமும் அதே பாடுதான்.

நிறுத்தும்போது பாதம் தரையில் பதிகிறதா? விரல் மரத்துப்போகிறதா? மனைவியைப் பின்னால் உட்காரவைத்தும் ஓட்டிப் பாருங்கள். இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஏற்கெனவே டிஸ்க் தொந்தரவு இருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கால் மணி நேரத்திலேயே இடுப்பு முனகினால், எவ்வளவு அழகான வண்டியானாலும் உங்களுக்கு வேண்டாங்க!