மழை விட்டும் காய்ச்சல் விடவில்லை

வெயில் வந்துவிட்டது என்று மும்பையில் குழந்தை வைத்திருப்பவர்கள் அசந்துவிட முடியாது.

தாராவியில் கூரைகள் மேல் விரித்திருந்த நீல பிளாஸ்டிக் தாள்கள் மடித்து வைக்கப்படுகின்றன. 90 அடி சாலையில் சேறு காய்ந்து புழுதியாகிறது. நான்கு மாதம் நனைந்து கிடந்த சுவர்கள் உலர்வதைப் பார்த்துத் தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். கொஞ்சம் அவசரப்பட்டு.

வானிலைத் துறையின் கணக்குப்படி மும்பையிலிருந்து பருவமழை விடைபெறுவது சராசரியாக அக்டோபர் 8-ம் தேதி. பிறகு வருவது மும்பைவாசிகள் 'அக்டோபர் ஹீட்' என்று அலுத்துக்கொள்ளும் இரண்டாம் கோடை. கொட்டும் மழை கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். விட்டு விட்டுப் பெய்து நடுவே வெயிலும் அடித்தால், தேங்கிய நீரில் அவை செழிக்கும். டெங்குவும் மலேரியாவும் மழை ஓய்ந்த பிறகும் சில வாரங்கள் நீடிப்பது இதனால்தான்.

எல்லோரும் திட்டுவது சாக்கடையை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது நல்ல தண்ணீரை. தாராவியில் அது வாசலிலேயே இருக்கிறது, பிளாஸ்டிக் டிரம்மில். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. டிரம்மே வேண்டாம் என்று இவர்களிடம் உபதேசிப்பது வீண். வாரத்தில் ஒரு நாள் அதைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் காயவைக்கலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முட்டை கொசுவாகச் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு. மூடி இல்லையா? பழைய வேட்டியை இறுகக் கட்டினாலும் சரி.

மாட்டுங்காவின் அடுக்குமாடிக்காரர்கள் இதைத் தாராவியின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. மணி பிளான்ட் பாட்டில், துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு எல்லாமே ஏடிஸுக்குப் போதும். மூடாத மொட்டைமாடித் தொட்டியோ, நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவுக்குத் தாய்வீடு.

காய்ச்சல் வந்துவிட்டால், டெங்குவா மலேரியாவா என்று நெற்றியைத் தொட்டுச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். பல பெற்றோர் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடம்பு குளிர்கிறது. பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாராவிக்கு சயான் ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். திருநெல்வேலியிலிருந்து வரும் நிலவேம்புப் பொட்டலத்தை யாரும் பிடுங்கப்போவதில்லை. அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடுவதுதான் வம்பு.

வயிற்றுப்போக்குக்கு மருந்து மலிவு. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் வாரிசுதான் இன்றைய ஓஆர்எஸ் பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் நன்மைக்குப் பதில் தீமை. டாக்டர் தரும் துத்தநாக மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

கொசு குறையும் நவம்பரில் செம்பூரின் கவலை ஆரம்பம். கடற்காற்று ஓய்ந்ததும் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, தேவ்னார் குப்பைமேடு ஆகியவற்றின் புகையும் சாலைப் புழுதியும் தாழ்வாகவே தங்கிவிடுகின்றன. 'கேஸ் செம்பூர்' என்பது பழைய கிண்டல். மழைக்காலத்தில் நன்றாக இருந்தானே என்று ஆஸ்துமா குழந்தையின் இன்ஹேலரை வீட்டார் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. தீபாவளி இரவில் அந்தக் குழந்தைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகத்தான் மத்தாப்பு.