அசேலியாவுக்குச் சாம்பல் வேண்டாம்!



இந்த மாதம் ஒரு பூச்செடியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நீலகிரியில் உள்ள நம் குழு ஒன்றில் ஒரு அக்கா உள்கடன் வாங்கி 20 அசேலியாச் செடிகள் வாங்கினார். பெரிய தொட்டிக்கு மாற்றி, நன்றாக வளர்த்து, சீசனுக்கு வருகிறவர்களிடம் விற்கலாம் என்பது அவர் திட்டம். "என்ன உரம் போடலாம்?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் படித்தது சமூகப் பணி. காய்கறித் தோட்டத்துக்கு எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னோம்: அடுப்புச் சாம்பல் போடுங்க, முட்டை ஓடு நுணுக்கிப் போடுங்க, செடி ஆடாமல் இருக்க ஆழமாக நடுங்க.

அக்கா அப்படியே செய்தார். மூன்று மாதத்தில் இலை மஞ்சளாகி, நுனி கருகி, 17 செடிகள் செத்துப்போயின. "மேடம், நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பிழைத்த மூன்றும் எவை தெரியுமா? தொட்டி போதாமல், ஒன்றும் செய்யாமல் அப்படியே ஓரமாக வைத்துவிட்ட செடிகள்!

அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும், படித்தும் கற்றுக்கொண்டோம். கற்றதை எல்லா குழுக்களுக்கும் சொல்வது எங்கள் கடமை.

இது என்ன செடி?

நம் மலை உச்சிகளில், சோலை ஓரத்துப் புல்வெளியில், சிவப்புக் கொத்தாகப் பூக்கும் காட்டுப் பூவரசு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ரோடோடென்ட்ரான் இனம். அசேலியாவும் அதே இனம்தான். காட்டுப் பூவரசு மரமாக வளரும். நாம் தொட்டியில் வைக்கிற அசேலியாவின் முன்னோர்கள் ஜப்பான், சீனா பக்கத்துக் குட்டைச் செடிகள். பல ரகங்கள் மூன்று அடிக்குள் அடங்கிவிடும். அதனால் தொட்டிக்கு ஏற்றவை.

காட்டில் இருக்கிற செடியைத் தோண்டி எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். வேர் அறுபட்டுப் பெரும்பாலும் பிழைக்கவும் செய்யாது.

புளிப்பு மண் என்றால் என்ன?

மண்ணில் புளிப்பு மண், சுண்ணாம்பு மண் என்று உண்டு. அமிலத் தன்மை உள்ள மண்ணைத்தான் புளிப்பு மண் என்கிறோம். மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். என்று ஒரு எண் போடுவார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். அசேலியாவுக்கு 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். தேயிலை கேட்பதும் ஏறக்குறைய இதே மண்தான். தேயிலை செழிக்கிற மண்ணில் அசேலியாவும் செழிக்கும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எல்லாம் புளிப்பை முறிப்பவை. புளிப்பு முறிந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நமக்கு இரத்தசோகை வந்தால் வெளிறிப் போகிறோமே, அது மாதிரிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து, அதன் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மண் வேண்டாம். பொங்காவிட்டாலும் சரியான எண் தெரிய மண் பரிசோதனை செய்வது நல்லது. எங்கே செய்வது என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

தொட்டி, மண் கலவை

இதன் வேர் நூல் மாதிரி மெல்லியது. ஆழமாகப் போகாது, மேல் மண்ணிலேயே படரும். அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். மண் தொட்டியோ பழைய பிளாஸ்டிக் பக்கெட்டோ போதும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம் வேண்டும். புது சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரத்தில் தரையில் நடுவதும் வேண்டாம்.

கலவை: நன்றாக மட்கிய இலை உரம் 2 பங்கு, தோட்டத்துச் செம்மண் 1 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. தண்ணீர் தேங்குகிற மண்ணாக இருந்தால் கொஞ்சம் மணல். தேயிலைத் தோட்டத்து மண் எடுப்பதானால், கவாத்து சமயத்தில் டோலமைட் போட்ட இடமா என்று கேட்டு எடுங்கள். டோலமைட்டும் சுண்ணாம்பு வகைதான். இலைக்குச் சோலைக்குள் போக வேண்டாம். சில்வர் ஓக் இலை நம் தோட்டத்திலேயே கொட்டிக் கிடக்கிறதே, அதைக் குவித்து மட்க விடுங்கள்.

நடும்போது, பழைய தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். ஒரு விரல் உயரமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆழமாகப் புதைக்கவே கூடாது. புதைத்தால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்ட வேண்டாம். களை இருந்தால் கையால் பிடுங்குங்கள். கொத்தினால் வேர் அறுந்துவிடும்.

தண்ணீர், வெயில், உரம்

• மழைத் தண்ணீர்தான் சிறந்தது. கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற போர்வெல் தண்ணீர் இதற்கு ஆகாது.

• மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காயத் தொடங்கியதும் ஊற்றுங்கள். தொட்டி முழுவதும் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீரில், குமிழி நிற்கும் வரை அமுக்கி வைத்து எடுங்கள்.

• காலை வெயில், மதியம் நிழல். டிசம்பர், ஜனவரி உறைபனிக்குத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள்.

• உரம் கொஞ்சம் போதும். பச்சைச் சாணமும் கோழி எருவும் வேண்டாம். பூ முடிந்ததும் மட்கிய தொழு உரம் ஒரு பிடி தூவுங்கள்.

• இலை மஞ்சளானால் அன்னபேதியை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். மயில்துத்தம் வேறு, அன்னபேதி வேறு, கடையில் பார்த்து வாங்குங்கள். மண்ணையும் சரிசெய்தால்தான் நிரந்தரத் தீர்வு.

• பூ முடிந்த ஒரு மாதத்துக்குள் கிளை வெட்டிவிடுங்கள். அடுத்த வருடத்து மொட்டு பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடும். தாமதமாக வெட்டினால் பூவையே வெட்டுகிறோம்.

ஆடு, மாடு ஜாக்கிரதை!

அசேலியாவின் இலை, பூ எல்லாமே விஷம். ஆடு மாடு தின்றால் வாயில் நுரை தள்ளும், வாந்தி எடுக்கும், தள்ளாடும், உயிரும் போகலாம். வெட்டிய கிளையைக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள். தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். உத்தரகாண்டில் ரோடோடென்ட்ரான் பூவில் சர்பத் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அங்கே வளரும் மரத்தின் பூ. அதைப் பார்த்து நாம் அசேலியாவில் முயற்சி செய்யக் கூடாது.

தொழிலாகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நிதானமாக. முதலில் 3 அல்லது 5 செடி வாங்கி ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். பிழைத்தால், மழைக்காலத்தில் பாதி முற்றிய தளிரை 3, 4 அங்குலம் வெட்டி, ஈரக் கலவையில் குத்தி, கவரால் மூடி நிழலில் வையுங்கள். வேர் விட 2, 3 மாதம் ஆகும். எல்லாம் பிடிக்காது. பூவோடு விற்கிற செடியாக இரண்டு வருடமாவது வேண்டும். மாதாமாதம் தவணை கட்டுகிற கடனை இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்கடன் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் பேசித் தீர்மானியுங்கள்.

சமவெளியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் வந்தால் ஆசைப்பட்டு ஒரு தொட்டி வாங்கிப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலும் உப்புத் தண்ணீரும் இதற்குத் தாங்காது. அந்தப் பணத்தில் இரண்டு மல்லிகைப் பதியன் வையுங்கள்.

அந்த அக்கா என்ன ஆனார்? குழு கூடிப் பேசி, அவர் தவணையை நீட்டிக் கொடுத்தது. வட்டி முதற்கொண்டு கட்டி முடித்துவிட்டார். பிழைத்த மூன்று செடியிலிருந்து குச்சி எடுத்து நட்டார். இப்போது அவர் வாசலில் 11 தொட்டி இருக்கிறது. போன மாதம் போனபோது எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், இந்த தடவை உங்களைக் கேக்காமதான் நட்டேன்!"

இனி யாராவது உங்களுக்கு ஒரு உரத்தைச் சொன்னால், நாங்களே சொன்னாலும், "இந்தச் செடிக்கு இது ஆகுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கிற பழக்கம் செடிக்கும் நல்லது, குழுவுக்கும் நல்லது.