பொடியில் பிறக்கும் பொறி

திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி மகேந்திரகிரி அமைந்துள்ளது. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2024ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் ஒரு பொறி 665 நொடிகள் எரியூட்டிச் சோதிக்கப்பட்டது. பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் நிலைக்குரிய பொறி அது. அவ்வகைப் பொறி பல்லாண்டுகளாக விண்ணுக்குச் சென்று வருவதுதான். ஆயினும், அன்று எரிந்தது முப்பரிமாண அச்சு முறையில், உலோகப் பொடியிலிருந்து அடுக்கடுக்காக வளர்க்கப்பட்டது.

பழைய முறையில் இப்பொறிக்காக 14 உறுப்புகளைத் தனித்தனியே செய்து, 19 இடங்களில் பற்றவைத்தனர். புதிய முறையில் 14 உறுப்புகளும் ஒன்றாயின. 19 பற்றவைப்புகளும் நீங்கின. முன்பு ஒரு பொறிக்கு 565 கிலோ உலோகக் கட்டிகளும் தகடுகளும் தேவைப்பட்டன. இப்போது 13.7 கிலோ பொடி போதுமானதாயிற்று. உருவாக்கும் காலமும் 60 விழுக்காடு குறைந்தது.

'அச்சு' என்னும் பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது. தாளில் மை பதிவது போன்ற எளிய செயல் அன்று இது. காற்று நீக்கப்பட்டு ஆர்கான் வாயு நிரப்பப்பட்ட அறையில், ஒரு தட்டின்மீது உலோகப் பொடி மெல்லிய படலமாகப் பரப்பப்படுகிறது. அப்படலம் தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த தடிமன் உடையது. கணினி வரைந்த வழியே லேசர் கதிர் ஓடி, வேண்டிய இடத்தில் மட்டும் பொடியை உருக்குகிறது. தட்டு சிறிது கீழிறங்க, அடுத்த படலம் பரவுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருகி ஒட்டுகின்றன. பொடியின் ஒவ்வொரு துகளும் உருண்டையாக இருத்தல் வேண்டும். கூரிய முனைகள் இருந்தால் பொடி சீராக வழிந்து பரவாது. அதற்காகவே உருகிய உலோகத் தாரையை வாயுவால் சிதறடித்துப் பொடியாக்குகின்றனர்.

கடைசல் செய்பவர் கையில் எடுக்கும் உலோகக் கட்டியின் வலிமை முன்னரே சோதித்து அறியப்பட்டது. அச்சு முறையிலோ வடிவமும் உலோகமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. உள்ளே ஒரு நுண்துளை விழுந்தாலும் வெளியே தெரியாது. விண்ணில் எரியும்போது அதுவே வெடிப்பாக வளரலாம். எனவே, எந்த உலோகம் இம்முறைக்கு இசையும் என்பதே இத்துறை ஆய்வின் தலையாய வினாவாக உள்ளது.

எல்லா உலோகக்கலவைகளும் இசைவதில்லை. 7075 என்னும் அலுமினியக்கலவை இதற்குத் தக்க சான்று. துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவை கலந்த இது, எடை குறைந்தும் வலிமை மிகுந்தும் இருப்பதால் வானூர்தித் துறையில் பெயர்பெற்றது. ஆனால், அதைப் பொடியாக்கி லேசரால் உருக்கியபோது உடலெங்கும் விரிசல் கண்டது.

காரணம் குளிரும் விதத்தில் உள்ளது. லேசர் பட்ட புள்ளி, நொடிக்கு இலட்சக்கணக்கான டிகிரி என்னும் வேகத்தில் குளிர்கிறது. அப்போது படிகங்கள், நட்டு வைத்த தூண்கள்போல நீண்டு வளர்கின்றன. அவற்றின் இடையே கடைசியாக உறைய வேண்டிய உலோகக் குழம்பு மெல்லிய படலமாகச் சிக்கிக்கொள்கிறது. உறைந்த பகுதி சுருங்கும்போது, உண்டாகும் இடைவெளியை நிரப்பக் குழம்புக்கு வழியில்லை. அவ்விடம் கிழிகிறது.

அமெரிக்காவின் மாலிபு நகரில் உள்ள எச்.ஆர்.எல். ஆய்வகத்தினர் இதற்குக் கண்ட தீர்வை 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அவர்கள் இயந்திரத்தை மாற்றவில்லை, பொடியை மாற்றினர். ஒவ்வொரு துகளின் மேலும் சிர்கோனியம் கொண்ட மீநுண் துகள்களை ஒட்டவைத்தனர். உருகும்போது சிர்கோனியம் அலுமினியத்துடன் சேர்ந்து ஒரு சேர்மமாகிறது. அதன் அணு அமைப்பு அலுமினியத்தின் அணு அமைப்பை ஒத்தது. சர்க்கரைப் பாகில் தொங்கவிட்ட நூலைப் பற்றிக் கற்கண்டு வளர்வதுபோல, அச்சேர்மத்தைப் பற்றிக்கொண்டு எண்ணற்ற சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. நீண்ட தூண்களுக்கு மாறாகக் குறுமணிகள் நிறைந்ததால், சுருங்கும்போது அவை ஒன்றையொன்று ஒட்டி நகர்ந்து இடங்கொடுத்தன. விரிசல் மறைந்தது. அடித்து உருவாக்கிய 7075 கலவையோடு ஒப்பிடத்தக்க வலிமையும் கிட்டியது.

அச்சு முடிந்தவுடன் பணி முடிந்துவிடாது. சீரற்ற குளிர்ச்சியால் உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்த, பொருளை உலையில் வைத்துச் சூடாக்க வேண்டும். நுண்குழாய்களில் அடைபட்ட பொடியை வெளியேற்ற வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பின்னர் எக்ஸ் கதிரால் உட்பகுதி ஆராயப்படுகிறது. அதே பொடியில், அதே தட்டில் பொருளோடு உடன் வளர்த்த சிறு கம்பிகளை இழுத்து முறித்தும் வலிமையை அளக்கின்றனர்.

பழைய கலவைகளை இம்முறைக்கு இசையவைப்பதோடு ஆய்வு நின்றுவிடவில்லை. நாசா உருவாக்கிய ஜி.ஆர்.எக்ஸ்-810 என்னும் கலவை, தொடக்கத்திலிருந்தே அச்சு முறைக்கெனத் திட்டமிடப்பட்டது. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த பொடியின்மேல் இட்ரியம் ஆக்சைடு மீநுண் துகள்கள் பூசப்படுகின்றன. இக்கலவையால் ஆன பொருள் 1,090 டிகிரி செல்சியசு வெப்பத்திலும் வலிமை குன்றாது தாங்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது.