வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். எர்ணாவூர் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "அக்கா, என் பொண்ண இனிமே ஸ்கூலுக்கு அனுப்பறதா இல்ல. வீட்லயே வெச்சுப் படிக்க வெக்கலாம்னு இருக்கோம். அது தப்பா?" என்று கேட்டார். பெண் 7-ம் வகுப்பு படிக்கிறாள்.

கூட்டம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. "படிப்ப நிறுத்திடாத" என்று சிலர். "பிள்ளை உசுரு முக்கியம் இல்லையா, அவ சொல்றதுல என்ன தப்பு?" என்று சிலர். அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்து நம்ம செய்தி மடலில் எழுதுகிறோம் என்று சொன்னோம். இதோ எழுதுகிறோம்.

ஏன் இப்படி ஒரு யோசனை வருது?

குழுக்களில் கேட்டுப் பார்த்தோம். நம்ம பகுதியில் முதல் காரணம் பயம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது, தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். நவம்பர் 4-ல் பள்ளியைத் திறந்ததும் மறுபடி சில பிள்ளைகளுக்கு மயக்கம் வந்தது. அதன் பிறகு எத்தனையோ தாய்மார்களுக்குப் பள்ளி மணி அடிக்கும்போதே வயிறு கலங்குகிறது.

இரண்டாவது, சாலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையை அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது நமக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, பிள்ளையின் நிலைமை. மாற்றுத்திறன், அடிக்கடி வீசிங், மற்ற பிள்ளைகள் கேலி செய்வது, வகுப்பில் பின்தங்கி மனசு உடைந்து போவது.

நான்காவது, தனித் திறமை. "சதுரங்கம் ஆடுற குகேஷ் ஸ்கூலுக்கா போனான்?" என்று ஒரு தோழி கேட்டார். உண்மைதான். 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆன நம்ம சென்னைப் பையன் குகேஷ், 4-ம் வகுப்புக்குப் பிறகு முழு நேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் அவர் அப்பா ஒரு டாக்டர். தன் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு போட்டி போட்டியாகப் போனார். அப்படிப் பக்கத்திலேயே இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஐந்தாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃபீஸ் கட்ட முடியவில்லை. பெண் வயசுக்கு வந்துவிட்டாள். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. இறால் உரிக்க ஒரு கை கூட இருந்தால் நல்லது. இதையெல்லாம் "வீட்ல படிக்கிறா" என்று சொல்லி மூடி வைக்கிறோம். முதல் நாலு காரணத்தையும் உட்கார்ந்து பேசலாம். ஐந்தாவது, படிப்பை நிறுத்துவதற்கு நாம் வைத்திருக்கும் வேறு பெயர்.

கொரோனா நமக்குச் சொன்ன பாடம்

வீட்டுப் படிப்பு நமக்குப் புதுசு இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் நம்ம எல்லார் வீடும் பள்ளிக்கூடம்தான். என்ன ஆனது? ஒரு செல்போனுக்கு மூணு பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். கல்வித் தொலைக்காட்சி ஓடும் நேரத்தில் நாம் மீன் கூடையோடு வெளியே இருந்தோம். எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை அதையும் மறந்தது.

அதனால்தான் அரசு 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளை படிக்கும். ஆனால் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆளும், தினமும் ஒரு நேரமும் வேணும். கொரோனா சொன்ன பாடம் அதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. இதில் "கட்டாயம்" என்றால், கல்வியைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு. அதே சட்டம், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை. வீட்டில் படிக்க வைக்கத் தனியாக அனுமதி வாங்கும் முறையும் அதில் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டம் வீட்டுக் கல்வியை உரிமையாகவே கொடுக்கிறது. 2012-ல் வந்த திருத்தத்தின்படி, கடுமையான ஊனம் அல்லது பல வகை ஊனம் உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை உண்டு. பிள்ளையின் பெயர் பக்கத்துப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்கள்.

திருவொற்றியூர் குழுவில் ஒரு தோழியின் மகனுக்கு மூளை முடக்குவாதம். "இவனுக்கு எதுக்குப் படிப்பு"ன்னு சொந்தக்காரங்களே சொன்னாங்க. அவர் விடவில்லை. வட்டார வள மையத்துக்கு நடையாய் நடந்து பையன் பெயரைப் பதிய வைத்தார். இன்று அவன் தட்டில் இருக்கும் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறான், படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறான். அந்த வீட்டுக்கு வீட்டுக் கல்விதான் சரியான வழி.

பள்ளியை விட்டால் எதெல்லாம் போகும்?

வட்டிக்குக் கடன் வாங்கும்முன் கணக்குப் பார்க்கிறோம் இல்லையா? இதற்கும் பார்க்க வேண்டும்.

• அரசுப் பள்ளியில் கிடைக்கும் மதிய உணவு, புத்தகம், சீருடை.

• புதுமைப் பெண் திட்டம். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினார்கள். தொடங்கிய இடம் நம்ம வடசென்னை பாரதி மகளிர் கல்லூரிதான். 7-ம் வகுப்பில் பெண்ணை நிறுத்தினால் இந்தத் தகுதி போய்விடும்.

• மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2020-ல் வந்தது. இதுவும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான்.

• தோழிகள், விளையாட்டு, டீச்சர். வீட்டில் நடக்கும் ஒரு கஷ்டத்தைப் பிள்ளை வெளியே சொல்ல ஒரு ஆள். இதை ரூபாயில் கணக்குப் போட முடியாது.

வீட்டில் படிச்சாலும் சர்டிபிகேட் உண்டா?

உண்டு. தனித்தேர்வராக எழுதலாம். 12½ வயது முடிந்தால் 8-ம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதில் பாஸ் செய்து 14½ வயது முடிந்தால் 10-ம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்னாடியே பதிவு செய்து போய்வர வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேதி அறிவிக்கும்போது பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் ஆரம்பித்தது. 14 வயது முடிந்தால் 10-ம் வகுப்புக்குச் சேரலாம். 5 வருஷத்துக்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பாடமாகவும் பாஸ் செய்யலாம். ஆனால் பிள்ளை பின்னால் எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்குப் போகப் போகிறதோ, அங்கே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூணு கேள்வி

முடிவு எடுக்கும்முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இந்த மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, நோட்டில் எழுதுங்கள்.

1. யார் சொல்லிக் கொடுப்பாங்க? ஆள் பெயரை எழுத வேண்டும். "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை.

2. எந்த நேரம்? தினமும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? அந்த நேரத்தில் பிள்ளையிடம் வேறு வேலை சொல்லக் கூடாது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதாக இருந்தாலும், அது பள்ளி நேரம் போகத்தான் என்று 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

3. எந்தப் பரீட்சை, எந்த வருஷம்?

நோட்டில் ஏறாத சேமிப்பை நம்ம குழு சேமிப்பென்று ஒத்துக்கொள்வதில்லை. படிப்பும் அப்படித்தான். மூணு கேள்விக்கும் பதில் இருந்தால் அது வீட்டுப் படிப்பு. ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்தத் தோழி என்ன செய்தார்?

நாங்கள் மூணு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். முடிவு எதுவும் சொல்லவில்லை, இந்த மூணு கேள்வியைத்தான் கேட்டோம். அவர் விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர். கணவருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட். முதல் கேள்வியிலேயே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. பெண்ணை யாரும் கேட்கவே இல்லையே! கூப்பிட்டுக் கேட்டோம். "எனக்கு ஸ்கூல் புடிக்கும் ஆன்ட்டி. அந்த லாரி ரோட்டத் தாண்டறதுதான் பயம்" என்றாள்.

அம்மாவின் பயமும் பொய் இல்லை, பெண்ணின் பயமும் பொய் இல்லை. ஆனால் மாற்ற வேண்டியது சாலைதான், பள்ளியை விட வேண்டியதில்லை. ரோட்டைத் தாண்டாமல் போகக்கூடிய மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. டி.சி. கையில் வராவிட்டாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லிக் கேட்டோம், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அந்தத் தெருவில் 4 அம்மாக்கள் முறை வைத்து ஆளுக்கொரு நாள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

காற்றில் கலக்கும் வாயுவை 4 அம்மாக்களால் நிறுத்த முடியாது. அதற்கு மனு கொடுப்பதும் குரல் கொடுப்பதும் தனி வேலை, அதை விடப் போவதில்லை. ஆனால் தொழிற்சாலை செய்யும் தப்புக்கு நம்ம பெண்பிள்ளையின் படிப்பை அபராதமாகக் கட்டக் கூடாது.

இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்யுங்கள்: உங்கள் குழுவில் 6 முதல் 18 வயது வரை பள்ளிக்குப் போகாத பிள்ளை எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூணு கேள்வியைக் கேளுங்கள். பதில் இல்லாத பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க வழி பாருங்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் நடுவில் நின்றிருந்தாலும் வயசுக்கேற்ற வகுப்பில் சேரவும், விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி பெறவும் உரிமை உண்டு. கல்வி உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி மறக்காமல் கொண்டு வரட்டும். காத்திருக்கிறோம்.