உடைய வேண்டிய இடம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லேண்ட் ரோவர். பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தேன், கியரும் போட்டிருந்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் வண்டி யாரோ கூப்பிட்டதுபோல மெல்ல முன்னால் நகர்ந்து ஜாக்கியிலிருந்து சரிந்தது. கால் அடியில் இல்லை, அதனால் தப்பித்தேன். கூட இருந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. "இதுக்குக் கட்டை கொடுக்காம ஜாக்கி வைக்கக் கூடாது சார். இதோட ஹேண்ட் பிரேக் வீல்ல இல்ல, நடுவுல இருக்கு" என்றார்.

அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒற்றை டிரம்மாக இருக்கிறது. அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல. ஷாஃப்ட் நின்றால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலும் நிற்கும். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் நிற்காது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. கிரௌன் வீலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பக்கச் சக்கரத்தை முன்னால் சுற்றினால், மறுபக்கச் சக்கரம் பின்னால் சுற்றும். இரண்டும் தரையில் இருக்கும்வரை அது முடியாது. ஒன்றைத் தூக்கிவிட்டால், அது அந்தரத்தில் பின்னோக்கிச் சுழல, தரையில் இருப்பது தாராளமாக உருண்டு போகும். அன்றைக்கு நடந்தது இதுதான். அதன்பிறகுதான் அந்த ஆக்சிலைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவுப் பண்ணையில் யுத்தத்தில் மிச்சமான ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்த பிறகு என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்தது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள். யுத்தம் முடிந்த கையோடு இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடம்பு அலுமினியக் கலவை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சிலின் உட்பாகம் எல்லாம் ரோவர் கார்களுக்காகக் கைவசம் இருந்த சரக்கு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஏறிப்போகும் காருக்காக யோசித்த டிஃபரன்ஷியல், பின்னாளில் 109 அங்குல வீல்பேஸ் கொண்ட சரக்கு வண்டியின் முதுகுப்பாரத்தைச் சுமக்க வேண்டி வந்தது. 1958-க்கும் 1985-க்கும் இடையில் வந்த சீரீஸ் 2, 2ஏ, 3 வண்டிகளின் பின் ஆக்சில் கதை முழுவதும் இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்து வருவதுதான்.

பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது பின்னால் போய்க் குனிந்து பார்ப்பது. நம்பர் பிளேட்டையோ விற்பவர் வாயையோ நம்பிப் பயனில்லை. ஐம்பது அறுபது வருஷம் ஓடிய வண்டியில் ஆக்சில் எத்தனை முறை மாறியிருக்கும் என்று அதன் முதல் சொந்தக்காரருக்கே தெரியாது.

பின்னாலிருந்து பார்க்கும்போது ஆக்சிலின் நடுவில் வழவழப்பான, குண்டான ஒரு கிண்ணம் தெரிந்தால், கழற்றுவதற்கு போல்ட் எதுவும் அந்தப் பக்கம் இல்லாவிட்டால், அது ரோவர் ஆக்சில். இதன் டிஃபரன்ஷியல் முன்பக்கமாகக் கழலும். சுற்றிலும் உள்ள நட்டுகளை எடுத்துவிட்டால், தேங்காய்க்குள்ளிருந்து கொப்பரை வருவதுபோல, மொத்தமும் ஒரே கட்டியாகக் கையில் வந்துவிடும். பலமுள்ள இருவர் போதும். அதற்கு மாறாக, நடுவில் பெரிய வார்ப்பிரும்புப் பானையும் அதன் பின்புறம் போல்ட் வைத்து முடுக்கிய மூடியும் தெரிந்தால் அது சாலிஸ்பரி. அமெரிக்காவின் டேனா 60 என்ற லாரி ரக ஆக்சிலுக்கு இது நெருங்கிய சொந்தம். கிரௌன் வீலின் விட்டமே 9.75 அங்குலம். சீரீஸ் 3 காலத்து 109 வண்டிகளில் இதுதான் பின்னால் வரும். எண்ணெய் மாற்றும்போதும் வித்தியாசம் தெரியும்: ரோவர் ஆக்சில் ஒன்றே முக்கால் லிட்டர் அளவில் நிறையும், சாலிஸ்பரி இரண்டரை லிட்டர் குடிக்கும். இ.என்.வி. என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலேயே உட்காரும் ஃபார்வர்ட் கன்ட்ரோல் வண்டிகளில் அது வந்தது. நம் கண்ணில் படுவது அபூர்வம், விட்டுவிடலாம்.

வடிவம் தெரிந்தாயிற்று. அடுத்தது ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு. ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் அடித்திருக்கும் எண் பிறந்தபோது என்னவாக இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்பதைக் கையால் சுற்றித்தான் அறிய வேண்டும்.

இதை அந்த மெக்கானிக் செய்து காட்டினார். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. வண்டி டூ வீல் டிரைவில், கியர் நியூட்ரலில். இடது பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார், பிடித்திருந்தால் ஷாஃப்ட் சுற்றாதே. டயரின் பக்கவாட்டில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. "ரெண்டு சுத்து நிதானமா சுத்துங்க சார், நான் கீழ எண்றேன்." ஏன் இரண்டு சுற்று? தரையில் இருக்கும் சக்கரம் அசையாததால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று வந்தால்தான் நடுவில் இருக்கும் கிரௌன் வீல் ஒரு சுற்று வரும். மறுபடியும் டிஃபரன்ஷியலின் விளையாட்டு. அடியிலிருந்து குரல் வந்தது: "நாலு… நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி." அப்படியானால் 4.7. கிரௌன் வீலைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனில் 10 பல், கிரௌன் வீலில் 47 பல். சீரீஸ் வண்டிகளின் வழக்கமான ரேஷியோ அதுதான். மூன்றரைக்குக் கொஞ்சம் கூட வந்திருந்தால் 3.54, அதாவது 13-க்கு 46. யாரோ ரேஞ்ச் ரோவரின் டிஃபரன்ஷியலை மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படி வந்தால் முன் ஆக்சிலையும் இதேபோல எண்ணிப் பார்க்காமல் ஃபோர் வீல் டிரைவ் போடவே கூடாது. முன்னும் பின்னும் வெவ்வேறு ரேஷியோ இருந்தால், இரண்டு ஆக்சிலும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு எதையாவது உடைத்துவிட்டுத்தான் ஓயும். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே சமரசம் செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது.

இனி உடைகிற கதை. ரோவர் ஆக்சிலில் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்டின் உள்முனையில் 10 பல் வெட்டியிருக்கும். அந்தப் பற்கள் முடிந்து வழவழப்பான தண்டு தொடங்கும் எல்லையில்தான் பெரும்பாலும் உடையும். சீரீஸ் 3 வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது சுமார் 168 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. லோ கியரில் முதல் கியர் போட்டால், கியர்பாக்ஸில் 3.68, முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் 2.35, ஆக்சிலில் 4.7 என்று பெருகிப் பெருகி எஞ்சினின் சுழற்சி 40 மடங்குக்கு மேல் குறைகிறது. உராய்வில் போவதைத் தள்ளாமல் பார்த்தால், முறுக்கு விசை 6,800 நியூட்டன் மீட்டரை எட்டுகிறது. செங்குத்து ஏற்றத்தில் எடை பின்னால் சாயும்போது இதில் பெரும்பங்கு பின் ஆக்சிலுக்குப் போகும். அதையும் ஷாஃப்ட் தாங்கிவிடும், நிதானமாகக் கொடுத்தால். சேற்றில் வெறுமனே சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று ஒரு பாறையைக் கவ்வும் கணத்தில்தான் போகிறது. பற்களுக்கு இடையில் தேய்மானத்தால் ஆட்டம் இருந்தால் அந்த அடி சுத்தியல் அடியாகவே விழும். ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கிற டிரைவர், உடைகிற ஷாஃப்டுக்குப் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

10 பல்லுக்குப் பதில் 24 பல் வைத்தால் ஏன் வலு கூடுகிறது? பல் எண்ணிக்கை குறைவென்றால் ஒவ்வொரு பள்ளமும் ஆழமாக இருக்கும். பள்ளத்தின் அடியில் மிஞ்சுகிற தண்டுதான் உண்மையில் சுமக்கிறது. உருளைத் தண்டின் முறுக்குத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். மிஞ்சும் விட்டம் 10 சதவீதம் பெருத்தாலே வலு 33 சதவீதம் ஏறிவிடும். 1990-களில் டிஃபென்டருக்கு லேண்ட் ரோவரே 24 பல்லுக்கு மாறியது. சீரீஸ் வண்டிக்கும் வலுவான எஃகில் செய்த 24 பல் ஷாஃப்டும், அதற்குப் பொருந்தும் உள் கியர்களும் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. ஷாஃப்டை மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு, அது பழைய டிஃபரன்ஷியலுக்குள் நுழையவே நுழையாது. டிஃபரன்ஷியல் வலப்பக்கம் தள்ளி இருப்பதால் இரண்டு பக்க ஷாஃப்டும் வெவ்வேறு நீளம் என்பதையும் கடைக்காரரிடம் போகும் முன் நினைவில் வைப்பது நல்லது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் அந்த வண்டியின் ஃபியூஸ். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் என்பதால் வண்டியின் பாரம் ஷாஃப்டின் மேல் இல்லை, ஹப்பின் மேல் இருக்கிறது. ஷாஃப்டின் வேலை சுழற்றுவது மட்டும். அதனால் நடுக்காட்டில் உடைந்தாலும் ஹப்பில் இருக்கும் ஆறு போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தொடாமலே ஷாஃப்டை வெளியே உருவிவிடலாம். உள்ளே மாட்டிக்கொண்ட குட்டைத் துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் தூண்டில் போட்டு எடுக்க வேண்டும், அதற்குத்தான் பொறுமை. மாற்று ஷாஃப்ட் கையில் இல்லையென்றால் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, ஃபோர் வீல் போட்டு முன் சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேரலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒரு ஷாஃப்ட் இல்லாத நிலையில் டூ வீல் டிரைவில் ஹேண்ட் பிரேக் இழுத்தும் பிரயோஜனமில்லை. கிரௌன் வீல் நின்றாலும் டிஃபரன்ஷியல் வழுக்கிக் கொடுத்துவிடும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் ஆக்சில் பிடிக்கும்.

ஷாஃப்டை வலுவாக்கியதும் இந்த ஃபியூஸ் போய்விடுகிறது. அடி அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்கிறது. அது ரோவர் டிஃபரன்ஷியலின் நடுவிலுள்ள இரண்டே இரண்டு ஸ்டார் பினியன்களும் அவற்றைத் தாங்கும் குறுக்கு ஊசியும். அங்கே உடைந்தால் ஆறு போல்ட்டோடு வேலை முடியாது. இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கர் மாட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். லாக்கர் இல்லாதபோது, சுழலுகிற சக்கரம் மறுபக்க ஷாஃப்டையும் காப்பாற்றுகிறது, இரண்டுக்கும் சம விசைதான். லாக்கர் போட்டால் மொத்த விசையும் பிடிமானமுள்ள ஒரே ஷாஃப்டில் இறங்கும். 10 பல் ஷாஃப்டோடு லாக்கர் வைப்பது பணத்தை ஓடையில் போடுவதுதான்.

சாலிஸ்பரியை மாற்றி வைத்தால் இந்தத் தலைவலி தீரும். ஆனால் கனம் கூடும், பெரிய பானை பாறையில் முதலில் இடிக்கும், அதன் மூக்கு நீளமென்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் குட்டையாக்க வேண்டும். பாரம் ஏற்றுகிற 109-க்கு இது நியாயமான செலவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற 88 அங்குல வண்டிக்கு எதற்கு?

வேகத்துக்காக 3.54 வைப்பது தனிக் கதை. ரேஞ்ச் ரோவர் 1970-இல் வந்தது. அதன் டிஃபரன்ஷியல் சீரீஸ் ஹவுசிங்கில் அப்படியே உட்காரும். 7.50-16 டயரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,900 சுற்று அலறுகிற எஞ்சின் 2,200-க்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் ஸ்பீடோமீட்டருக்கான இணைப்பு டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து வருவதால் அது பழைய கணக்கிலேயே நிற்கும், 60 காட்டும்போது வண்டி 80-இல் ஓடும். லோ முதல் கியரின் 40 மடங்கு 30-ஆகச் சுருங்கும். மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூவுக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றிப் போவதைப் பார்த்தவர்கள் அங்கே 3.54 பேச்சை எடுக்க மாட்டார்கள். பல வண்டிகளில் மஹிந்திரா டீசல் எஞ்சின் மாறி வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கல் ஏற்றத்தில் ஊர்ந்து போகத்தான் வேண்டும். வேகம்தான் வேண்டுமென்றால் ஆக்சிலைத் தொடாமல் கியர்பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியரை மாட்டிக்கொள்வது உத்தமம், வேண்டாதபோது நிறுத்திவிடலாம்.

அந்தத் தோட்டத்து வண்டிக்கு இதில் எதையும் செய்யவில்லை. ஆக்சில் தலையில் இருக்கும் காற்றோட்டக் குமிழ் சேற்றால் அடைத்திருந்தது. அதனால்தான் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, இரண்டு ஷாஃப்டையும் உருவி வெளிச்சத்தில் பார்த்தோம். நீளமானதில் 10 பல்லும் நேராக இருந்தன. குட்டையானதில் பற்கள் மிக லேசாக, தாம்புக்கயிற்றின் புரிபோலச் சாய்ந்திருந்தன. இன்னும் உடையவில்லை, ஆனால் முறுகிவிட்டது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புது ஷாஃப்டின் நீளத்துக்கு வெள்ளைப் பெயின்டில் அளவுகோல் வைத்து ஒரே நேர்க்கோடு இழுத்தார் மெக்கானிக். காயும்வரை இருவரும் டீ குடித்தோம். பிறகு உள்ளே தள்ளி ஆறு போல்ட்டையும் முடுக்கினார். "அடுத்த தடவை உருவும்போது இந்தக் கோடு சுத்தியிருந்தா, வண்டி ஓட்றது யாருன்னு விசாரிக்கணும் சார்."