தேய்த்த புளியங்கொட்டையும் புலிக் கணக்கும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? பலகையில் காய்கிற பொம்மைகளை ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணிவிடலாம். காட்டுப் புலி அப்படி வரிசையில் நிற்குமா?

பிறகு எப்படி எண்ணுகிறார்கள்? ஒரு பீங்கான் ஜாடியும் புளியங்கொட்டையும் இருந்தால் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நானும் செய்து பார்த்தேன். கொட்டைகளை எண்ணாமல் ஜாடியில் போட்டோம். அதில் 40 எடுத்து, தாயம் ஆடத் தேய்ப்போமே, அதுபோல ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்தோம். திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 50 எடுத்தோம். அதில் 10 தேய்த்தவை, அதாவது ஐந்தில் ஒன்று. ஜாடியிலும் ஐந்தில் ஒரு பங்கு தேய்த்தது என்றால், அந்தப் பங்கு 40. ஆகவே மொத்தம் 200!

எல்லாவற்றையும் போட்டு மறுபடி 50 எடுத்தோம். இம்முறை 8தான் தேய்த்தவை, விடை 250. மூன்றாம் முறை 12, விடை 167. எது சரி என்று பிள்ளைகளுக்குள் சண்டை. மூன்றும் ஒழுங்காகச் செய்து வந்த விடைகள்தான். தப்பு நான் செய்தது: காலண்டர் தாளின் பின்னால் விடைகளை மட்டும் கிறுக்கி வைத்தேன். மறுநாள் எந்த விடை எப்படி வந்தது என்றே புரியவில்லை. அப்புறம்தான் கட்டம் போட்டோம்: எத்தனை தேய்த்தோம், எத்தனை எடுத்தோம், அதில் தேய்த்தவை எத்தனை, விடை என்ன. ஒரு முறைக்கு ஒரு வரி.

புலியைத் தேய்க்க வேண்டாம், அதன் உடம்பிலேயே அடையாளம் இருக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இராது. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் பாதையின் இருபுறமும் கேமரா வைக்கிறார்கள். 2018 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் சுமார் மூன்றரைக் கோடி! மான், யானை, மாடு எல்லாம் சேர்ந்துதான். அவற்றில் புலிப் படங்கள் 76,651. விலங்கு வாரியாகப் படங்களைப் பிரிக்க ஒரு மென்பொருள், வரிகளை ஒப்பிட இன்னொன்று. கடைசியில் தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 2,461.

கேமராவில் சிக்காத புலிகளும் இருக்குமே? அவற்றையும் சேர்த்துக் கணினி மதிப்பிட்டது 2,967. தலைப்புச் செய்தியில் வந்தது இந்த எண்தான். அறிக்கையில் அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு: 2,603 முதல் 3,346 வரை. எனக்குப் பிடித்தவை இந்த இரண்டும்தான். நம் 167, 250 போல, உண்மை எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று அவை காட்டுகின்றன. அந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் கணக்கு பாதிதான்.

எங்கள் ஜாடியைக் கவிழ்த்து எண்ணினோம்: 210. நீங்கள் 50க்குப் பதில் 100 எடுத்துப் பாருங்கள். மூன்று விடைகளும் நெருங்கி வருகின்றனவா?