வெயிலுக்கு வாடாத ரோஜா... பாலில் மட்டும் ஜாக்கிரதை!

'மொட்டை மாடியிலே நாலு பூந்தொட்டி வைக்க ஆசைதான். ஆனா, கும்மிடிப்பூண்டி வெயிலுக்கு எது தாங்கும்?' என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் அடீனியம் வாங்குங்கள். 'பாலைவன ரோஜா' என்பார்களே, அதேதான்! ரோஜாவுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது நம்ம அரளியின் பங்காளி.

ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் அரேபியாவும்தான் இதன் பிறந்த வீடு. என்றாலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பண்ணை இருக்கிறது. அடிமரம் குண்டாகப் பானை மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் அதன் தண்ணீர்த் தொட்டி! 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டு, சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்களே... அந்த மாதிரி கோடையையும் இது சமாளித்துவிடும்.

இதைக் கெடுப்பது வெயில் இல்லீங்க, நம்ம பாசம்தான். தினமும் தண்ணீர் ஊற்றினால் அடிமரம் அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்; நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். களிமண் ஆகவே ஆகாது. மணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் மக்கிய உரம் போதும். தொட்டியில் ஓட்டை அவசியம். அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். ஐப்பசி அடைமழைக்கு சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். சிப்காட் பக்கம் இருப்பவர்கள் இலைமேல் படியும் தூசியை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சரி, வீட்டிலே தவழ்கிற குழந்தை இருக்கா? அப்போ இதைக் கவனமாப் படிங்க. கிளையை ஒடித்தால் வடிகிற பாலில் விஷம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய விஷம் இது! அரளியைப் போலவே இதுவும் நேராக இதயத்துடிப்பில் கை வைக்கும். இலை, பூ, விதை எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. 'அழகுச் செடிதானே, மூலிகையாவும் இருக்கும்' என்று யாராவது கஷாயம் வைக்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். தொட்டியைக் குழந்தைக்கு எட்டாத கட்டைச் சுவர்மேல், கீழே விழாதபடி வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கவே கூடாது.

குழந்தை தப்பித் தவறி மென்றுவிட்டதா? வாயில் இருப்பதைத் துடைத்து எடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் பண்ணி, ஈ.சி.ஜி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கையோடு ஒரு இலையையும் எடுத்துப் போங்கள். என்ன செடி என்று டாக்டர் கேட்கும்போது பதற்றத்தில் பேர் வராது. வாங்கிய அன்றே தொட்டியில் 'அடீனியம்' என்று எழுதி வைத்துவிடுங்கள்.